காலிக் கப்பல் நிற்கும் இடம்

இரண்டாம் உலகப் போரை மேசையில் விளையாடும் பலகை ஆட்டமான ஆக்ஸிஸ் அண்ட் அல்லீஸ் 1942 பெட்டியில் வரும் காய்களின் அட்டவணையில், படைகளை ஏற்றிச் செல்லும் டிரான்ஸ்போர்ட் கப்பலுக்கு நேரே இரண்டு பூஜ்யங்கள் இருக்கும். தாக்குதல் 0, தற்காப்பு 0. விலை மட்டும் 7. அந்த இரண்டாவது பூஜ்யத்தின் மேல் எனக்கு ஒரு வருடத்துக்கு மேலாகக் கோபம் இருந்தது. ஒரு கப்பல், அதில் மாலுமிகள், அதில் ஏறியிருக்கும் சிப்பாய்கள். எதிரி விமானம் தலைக்கு மேல் வரும்போது ஒருவர்கூடத் துப்பாக்கியைத் தூக்க மாட்டார்களா? ஆறு முகம் உள்ள பகடையில் ஒரே ஒரு முகத்தையாவது அவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் மேசையில் வாதாடியிருக்கிறேன்.

அந்தக் கோபத்துக்குக் காரணம், நான் இந்த ஆட்டத்தைப் பழைய பெட்டியில் கற்றுக்கொண்டதுதான். 1984-இல் மில்டன் பிராட்லி வெளியிட்ட பெட்டி, மூலைகள் கிழிந்து டேப் ஒட்டியது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், அங்கிள் வீட்டு அலமாரியில் இருந்தது. அங்கிள் எனக்கு உறவில்லை. தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு டர்பன் வந்த புதிதில் கோயிலில் பழக்கமானவர். இங்கே வயதில் மூத்தவர்கள் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டிதான். அவருடைய முன்னோர் மெட்ராஸில் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழில் தேவாரம் நாலைந்தும், உறவுமுறைச் சொற்களும், சாப்பாட்டுப் பெயர்களும் தங்கியிருக்கின்றன. என்னைத் ‘தம்பி’ என்பார். அவர் பேசியதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பழைய விதியில் டிரான்ஸ்போர்ட் 8 காசு. தற்காப்பில் பகடை 1 விழுந்தால் எதிரிக்கு அடி. அது பெரிய விஷயமில்லை. அடி நம் மேல் விழும்போது எந்தக் காயை எடுப்பது என்று நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான் பெரிய விஷயம். 24 காசுப் போர்க்கப்பலைக் காப்பாற்ற 8 காசு டிரான்ஸ்போர்ட்டைப் பலி கொடுக்கலாம். அதனால் எல்லோரும் கூட்டம் கூட்டமாக டிரான்ஸ்போர்ட் வாங்கி, போர்க்கப்பலைச் சுற்றி வேலி மாதிரி நிறுத்துவோம். ஆளைச் சுமந்து போகும் கப்பல்தான் அங்கே கேடயம். 2008-இல் வந்த ஆண்டுவிழாப் பதிப்பு இதைத் தலைகீழாக மாற்றியது. விலை ஒரு காசு குறைந்தது, தற்காப்பு போனது, சண்டையில் டிரான்ஸ்போர்ட்டைக் கடைசியாகத்தான் எடுக்க முடியும் என்றானது. காவலுக்கு இருக்கும் காய்கள் எல்லாம் அழிந்துவிட்டால், மிச்சமிருக்கும் டிரான்ஸ்போர்ட்டுகள் அத்தனையும் பகடை உருட்டாமலே போய்விடும். 1942-இன் இரண்டாம் பதிப்பிலும் அதே விதி. அங்கிளின் பேரன் புதுப் பெட்டி வாங்கி வந்த நாளிலிருந்து நாங்கள் விளையாடுவது அதைத்தான்.

நார்வேயில் போன முப்பத்தாறு காசு

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் நான் பிரிட்டன், அங்கிள் ஜெர்மனி, பேரன் ரஷ்யா. பிரிட்டனுக்குத் தொடக்க வருமானம் முப்பது காசை ஒட்டி இருக்கும். முதல் சுற்றில் இரண்டு டிரான்ஸ்போர்ட்டும், காவலுக்கு டெஸ்ட்ராயர் என்ற சிறு போர்க்கப்பல் ஒன்றும், மிச்சக் காசுக்குச் சிப்பாய்களும் வாங்கினேன். இரண்டாம் சுற்றில் இன்னும் இரண்டு டிரான்ஸ்போர்ட், ஐந்து காலாள். மூன்றாம் சுற்றில் எட்டுக் காய்களை ஏற்றி நார்வேயில் இறக்கினேன். ஒரு டிரான்ஸ்போர்ட் ஒரு காலாளையும், கூட இன்னொரு தரைப்படைக் காயையும் கொள்ளும். நான்கு கப்பலுக்கு எட்டு. நார்வே விழுந்தது. மேசையில் என் பக்கத்து நிறம் கூடுவதைப் பார்க்க மிகவும் சந்தோஷமாக இருந்தது.

இறக்கிய டிரான்ஸ்போர்ட் அந்தச் சுற்றில் அதற்கு மேல் நகர முடியாது. எங்கே இறக்கியதோ அங்கேயே நிற்க வேண்டும். விதி எனக்குத் தெரியும், ஆனால் அதன் அர்த்தம் அன்றுவரை உறைக்கவில்லை. என் நான்கு கப்பல்களும் வட கடலில், ஒரே ஒரு டெஸ்ட்ராயர் காவலோடு நின்றன. அங்கிள் இரண்டு குண்டுவீச்சு விமானங்களையும் மூன்று போர் விமானங்களையும் எடுத்து வைத்தார். முதல் உருட்டிலேயே டெஸ்ட்ராயர் போனது. பதிலுக்கு அது உருட்டியதும் வீண். அவ்வளவுதான், நான்கு டிரான்ஸ்போர்ட்டையும் அவரே ஒவ்வொன்றாக எடுத்து என் பக்கத்தில் அடுக்கி வைத்தார். நாலேழு இருபத்தெட்டு, டெஸ்ட்ராயர் எட்டு, ஆக முப்பத்தாறு. ஒரு சுற்று வருமானத்துக்கு மேலேயே போய்விட்டது. நார்வேயில் இறங்கிய எட்டுப் பேரை அவர் அதற்குப் பிறகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் யாரும் வரப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

பழைய விதியாக இருந்தால் நான்கு கப்பல்களும் நான்கு அடியை வாங்கியிருக்கும், நாலு பகடை உருட்டியிருக்கும், ஒரு விமானமாவது விழுந்திருக்கும் என்று பொருமினேன். “சிப்பாய் இருக்கிற கப்பலுக்குப் பூஜ்யம் போட்டவன் கடலையே பார்த்திருக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டேன். அங்கிள் பதில் சொல்லவில்லை. தன் காய்களைப் பிரித்துப் பைகளில் போட்டு முடிக்கும்வரை பேசவே இல்லை. அப்புறம், “தம்பி, அப்பா சொன்ன ஒரு கதை இருக்கிறது, உட்கார்” என்றார்.

கரைக்கு வந்தவர்கள்

அங்கிளின் அப்பா மீனவர். டர்பன் துறைமுகத்தின் தென்கரையில் நீளும் ப்ளஃப் குன்றின் பக்கம் அவர்கள் குடும்பம் இருந்தது. கரையிலிருந்து வலையை வளைத்துப் போட்டு, இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று இழுக்கும் தொழில். நம் ஊரில் கரைவலை என்போமே, அதேதான். ஜூன் ஜூலையில் மத்தி மீன் கூட்டம் இந்தக் கரையோரமாக வரும்போது இன்றைக்கும் அப்படித்தான் இழுக்கிறார்கள். பின்னால் இனவாரியாக இடம் பிரிக்கும் சட்டம் வந்து, கடலை விட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வர வேண்டியதாயிற்று. அது வேறு கதை, அதைச் சொல்லும்போது அங்கிளின் குரல் மாறிவிடும்.

1942 நவம்பர் 28. நோவா ஸ்கோஷியா என்ற பிரிட்டிஷ் கப்பல், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக டர்பனை நோக்கி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இத்தாலியக் கைதிகள். காவல் கப்பல் எதுவும் கூட வரவில்லை. டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்துக் கடலில் யூ-177 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை டார்பிடோவால் அடித்தது. கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. தண்ணீரில் கிடந்தவர்கள் இத்தாலியர்கள், தங்கள் கூட்டாளி நாட்டுக்காரர்கள் என்று நீர்மூழ்கிக்குத் தெரிய வந்தது. ஆனால் முந்தைய செப்டம்பரில் லக்கோனியா என்ற கப்பல் மூழ்கியபோது நடந்தவற்றுக்குப் பிறகு, மூழ்கும் கப்பலிலிருந்து யாரையும் காப்பாற்றக் கூடாது என்ற உத்தரவு இருந்தது. நீர்மூழ்கி போய்விட்டது. மறுநாள் அஃபோன்சோ டி அல்புகெர்கே என்ற போர்ச்சுகீசியக் கப்பல் வந்து இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவானவர்களைத் தூக்கியது. எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலருடைய உடல்கள் நாட்கணக்கில் டர்பன் கடற்கரைகளில் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. பலர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

அங்கிளின் அப்பாவுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. அந்த வாரம் வலை போடவில்லையாம். போட்டால் வலையில் என்ன வரும் என்று யாருக்கும் தைரியம் இல்லை. காலையில் கரைக்குப் போனவர்கள் கையில் கூடை இல்லாமல் திரும்பினார்கள். கதையை இங்கே நிறுத்திவிட்டு அங்கிள் என்னைப் பார்த்தார். “அந்தக் கப்பலுக்கு நீ என்ன எண் போடுவாய், தம்பி?”

நான் பதில் சொல்லவில்லை. மேசை மேல் என் நான்கு டிரான்ஸ்போர்ட்டும் இன்னும் பையில் போடாமல் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பழைய விதி அதற்கு ஒரு பகடை கொடுத்து மரியாதை செய்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில், ஆள் நிறைந்த கப்பலைப் போர்க்கப்பலுக்கு முன்னால் நிறுத்தி அடி வாங்க வைக்கிற விதி அது. அதை நான் எத்தனை ஆட்டத்தில் யோசிக்காமல் செய்திருக்கிறேன். புதிய விதி போடும் பூஜ்யம், கூட யாரையும் அனுப்பாமல் இதை அனுப்பாதே என்கிறது.

அதே ஆண்டில் இதே துறைமுகத்திலிருந்து ஒழுங்காக அனுப்பப்பட்ட கப்பல்களும் உண்டு. ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கரின் வட முனையில் இருக்கும் தியேகோ சுவாரெஸ் துறைமுகத்தைப் பிடிக்கப் போன பிரிட்டிஷ் படை கூடியது டர்பனில்தான். ஜப்பானிய நீர்மூழ்கிகள் அந்தத் துறைமுகத்துக்கு வந்துவிட்டால் இந்தியப் பெருங்கடல் வழியே அறுந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. படைக்கப்பல்களுக்குத் துணையாக ராமிலீஸ் என்ற போர்க்கப்பலும், இல்லஸ்ட்ரியஸ், இன்டோமிட்டபிள் என்ற இரண்டு விமானந்தாங்கிகளும் போயின. மே 5-இல் இறங்கியது துறைமுக வாயில் இருக்கும் கிழக்குப் பக்கம் அல்ல. அங்கே வலுவான கரைப் பீரங்கிகள் கடலைப் பார்த்து இருந்தன. மேற்கே, முதுகுப் பக்கத்து விரிகுடாக்களில் இறங்கினார்கள். துறைமுகம் மூன்று நாளில் கைக்கு வந்தது. அதன் பிறகு மே 30 இரவு, அங்கே நங்கூரம் போட்டு நின்ற ராமிலீஸை ஒரு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி அடித்தது. அடிபட்ட கப்பல் பழுது பார்க்க வந்ததும் இதே டர்பனுக்குத்தான். இறக்கி முடித்து ஓரிடத்தில் நிற்கும்போதுதான் கப்பலுக்கு ஆபத்து என்பதை, நார்வேயில் நான் இழந்த காய்களோடு சேர்த்து இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும் பயணம்

என் வேலை கன்டெய்னர்களோடு. ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் போகும் என்று பார்ப்பது. வெளியில் இருப்பவர்கள் எங்கள் கவலையெல்லாம் சரக்கு நிறைந்த பெட்டிகளைப் பற்றி என்று நினைப்பார்கள். பாதிக் கவலை காலிப் பெட்டியைப் பற்றியது. ஆரஞ்சு, எலுமிச்சை பருவம் தொடங்குவதற்கு முன்னாலேயே குளிர்பதனப் பெட்டிகள் இங்கே வந்து நிற்க வேண்டும். பழம் பறித்த பிறகு பெட்டியைத் தேடினால் பழம் அழுகிவிடும். ஆகவே வெறும் காற்றை அடைத்துக்கொண்டு கடல் தாண்டி வரும் பெட்டிக்கும் யாரோ காசு கொடுக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக இதைச் செய்கிற எனக்கு, மேசையில் உட்கார்ந்ததும் இது ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை.

அமெரிக்காவை எடுத்து விளையாடும்போது இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். டிரான்ஸ்போர்ட் சுற்றுக்கு இரண்டு கடல் கட்டம்தான் நகரும். கிழக்குக் கரையில் ஏற்றியதை ஒரு சுற்றில் பிரிட்டனுக்கோ மொராக்கோவுக்கோ கொண்டுபோய் இறக்கலாம். அடுத்த சுற்று முழுக்கக் காலியாகத் திரும்பி வருவதில் போய்விடும். ஆகவே சுற்றுக்கு எட்டுப் பேர் போய்ச் சேர வேண்டுமானால் நான்கு கப்பல் போதாது, எட்டு வேண்டும். நான்கு போகும், நான்கு வரும். ஐம்பத்தாறு காசு. அதே எட்டுப் பேரை வட கடலைத் தாண்டி நார்வேக்கு அனுப்பும் பிரிட்டனுக்கு நான்கு கப்பலே போதும். ஒரு கரையில் ஏற்றி மறு கரையில் இறக்கிவிட்டு, அடுத்த சுற்றில் மறுபடி இந்தக் கரையில் ஏற்றலாம். இருபத்தெட்டு காசு. காய் ஒன்றுதான், விலை ஒன்றுதான். நிற்கிற கடலைப் பொறுத்து ஒன்று இரண்டாகிறது. ஜப்பானை எடுப்பவர்கள் இதை முதல் சுற்றிலேயே தெரிந்துகொள்வார்கள். தீவில் வாங்கும் ஒவ்வொரு சிப்பாயும் கப்பல் இல்லாமல் எங்கேயும் போக முடியாது.

இன்னொன்று, நான் நெடுநாள் செய்த தவறு. சுற்று முடியும்போது சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றியே வைத்திருப்பேன், அடுத்த சுற்றுக்குத் தயாராக இருக்கட்டும் என்று. ஏற்றுவது, நகர்வது, இறக்குவது மூன்றும் ஒரே சுற்றில் நடக்கும் என்னும்போது இதற்குத் தேவையே இல்லை. கப்பல் காலியாகக் கரையை ஒட்டி நிற்கட்டும், ஆட்கள் லண்டனில் தரையில் நிற்கட்டும். எதிரிக்குப் பயம் அதேதான். கப்பல் போனாலும் ஆள் போகாது, லண்டனுக்கும் காவல். சரக்கு ஏறின பெட்டியைக் கப்பல் வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே துறைமுகத்தில் கொண்டுபோய் வைக்காதே என்று அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

இறக்காத மூன்று சுற்று

நாலைந்து வாரம் கழித்து மறுபடி நான் பிரிட்டன், அங்கிள் ஜெர்மனி. முதல் சுற்றில் ஒரு சிப்பாய்கூட வாங்கவில்லை. விமானந்தாங்கி 14, இரண்டு டெஸ்ட்ராயர் 16. லண்டனில் ஏற்கெனவே இருந்த இரண்டு போர் விமானங்களை விமானந்தாங்கி மேல் நிறுத்தினேன். அடுத்த இரண்டு சுற்றில் நான்கு டிரான்ஸ்போர்ட்டும் தரைப்படையும் வந்தன. நான்காம் சுற்றில் எல்லாம் தயார். நார்வேக்குப் போகலாம், வடமேற்கு ஐரோப்பாவுக்குப் போகலாம், பிரான்ஸுக்குப் போகலாம். நான் எங்கேயும் போகவில்லை.

உட்கார்ந்து பார்த்தால் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பேரன் ரஷ்யாவை வைத்துக்கொண்டு, “அண்ணா, எப்போது வருவீர்கள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குக் கிழக்கே டாங்கிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. என் கையோ கப்பலைத் தொட்டுத் தொட்டு மீண்டது. நான்காம் சுற்று முடிந்ததும் அங்கிள் தன் ஆறு காலாளைப் பிரான்ஸில் வைத்தார். ஐந்தாம் சுற்று முடிந்ததும் வடமேற்கு ஐரோப்பாவில் ஐந்து பேர். நார்வேயில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள், அவர்களையும் எடுக்க முடியாமல் விட்டு வைத்தார். பதினான்கு பேர், நாற்பத்திரண்டு காசு. ரஷ்யாவுக்குப் போக வேண்டிய பதினான்கு பேர் மேற்கே கடலைப் பார்த்து நின்றார்கள், என் காலியான இருபத்தெட்டு காசைப் பார்த்து. காவல் கப்பல்களுக்கு ஆன முப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு, அது நியாயம்தான். லண்டனில் என் ஆட்களும் சும்மாதான் இருந்தார்கள். ஆனால் மாஸ்கோவுக்கு எதிரே அந்தப் பதினான்கு பேர் இல்லை என்பதற்கு என்ன விலை போடுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. பேரனுக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு அவன் என்னை அவசரப்படுத்துவதை நிறுத்திவிட்டான்.

“இறக்கிவிட்டால் ஒரு இடம், இறக்காமல் இருந்தால் மூன்று இடம்” என்று அங்கிள் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் நினைத்துக்கொண்டிருந்ததை எதிரி வாயிலிருந்து கேட்கிறேன். ப்ளஃப் மேலே ஏறி நின்றால் வெளித்துறையில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். 2023 கடைசியில் துறைமுகம் திணறியபோது பல பத்துக் கப்பல்கள் அப்படி நின்றன. அப்போது எனக்கு அது வயிற்றெரிச்சல், ஒவ்வொரு கப்பலிலும் என் பெட்டி ஏதாவது ஒன்று இருந்தது. இந்த ஆட்டத்துக்குப் பிறகு அங்கே போனபோது நின்ற கப்பல்களைக் கொஞ்ச நேரம் வேறு கண்ணால் பார்த்தேன்.

மூன்று சுற்று அப்படியே நின்றேன். ஏழாம் சுற்றில் கிழக்கே நெருக்கடி தாங்காமல் அங்கிள் நார்வேயிலிருந்து இரண்டு பேரை எடுத்தார். அதற்காகத்தான் காத்திருந்தேன். எட்டுப் பேரையும் ஏற்றி நார்வேயில் இறக்கினேன். போன முறை இறக்கிய அதே இடம். டிரான்ஸ்போர்ட்டுகள் நான்கும் அதே வட கடலில், நகர முடியாமல் நின்றன. இந்த முறை பக்கத்தில் விமானந்தாங்கி, அதன் மேல் இரண்டு போர் விமானம், இடையில் வாங்கிய ஒன்றையும் சேர்த்து மூன்று டெஸ்ட்ராயர்.

அங்கிள் சுற்று வந்தது. மிச்சமிருந்த இரண்டு குண்டுவீச்சு விமானங்களையும் இரண்டு போர் விமானங்களையும் கையில் எடுத்தார். என் கப்பல்களை விரலால் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பகடையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் நார்வேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பகடையை மேசையில் வைத்துவிட்டு, விமானங்களைத் திரும்ப ஜெர்மனியில் இறக்கினார். “கிழக்கே போகிறேன், தம்பி” என்றார்.